குடல் புற்றுநோய் மருந்தளவு: யாருடைய உடல் அளவுகோல்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இளம்பெண் மருத்துவக் கோப்பு ஒன்றுடன் என் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய தந்தை தூய்மைப் பணியாளர். பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. வீட்டிலேயே விழுங்கும் கேப்சைட்டபின் மாத்திரைகளை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆறாம் நாள் வாயெல்லாம் புண். அதன்பின் நிற்காத வயிற்றுப்போக்கு. மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. மூன்றாம் வாரத்தில், வெள்ளையணுக்கள் முற்றாகக் குறைந்த நிலையில் இறந்தார்.

"அக்கா, அப்பாவை நோய் கொன்னுச்சா, மருந்து கொன்னுச்சா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னால் விடையளிக்க இயலவில்லை. கோப்பு முழுவதையும் படித்தேன். மருந்தளவு தவறில்லை; பாடநூல் சொல்லும் அளவேதான் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த அளவை அந்த மனிதரின் உடல் தாங்குமா என்று எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. அப்படியொரு சோதனை உலகில் இருக்கிறது என்பதே அந்தக் குடும்பத்திற்குத் தெரியாது. அன்றுவரை எனக்கும் தெரியாது. அச்சோதனை என்ன, அது ஏன் எளிய மக்களைச் சென்றடையவில்லை, சட்டம் இதில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயரமும் எடையும் மட்டும்

முற்றிய குடல் புற்றுநோய்க்கு உலகெங்கும் அடிப்படையாக இருக்கும் மருந்து 5-ஃப்ளூரோயுராசில். சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் 1957இல் அறிமுகப்படுத்திய இம்மருந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இடம் இழக்கவில்லை. ஆக்சாலிப்ளாட்டினுடனோ இரினோடீகானுடனோ சேர்த்து இதைக் கொடுப்பார்கள். கேப்சைட்டபின் என்பது உடலுக்குள் சென்றபின் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறும் மாத்திரை.

இம்மருந்தின் அளவைத் தீர்மானிப்பது எப்படி? நோயாளியின் உயரத்தையும் எடையையும் ஒரு வாய்பாட்டில் இட்டு, உடலின் மேற்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 1.5 சதுர மீட்டர். இரு வாரங்களுக்கு ஒருமுறை தரப்படும் வழக்கமான முறையில், சதுர மீட்டருக்கு 2,400 மில்லிகிராம் என்ற கணக்கில் 3,600 மில்லிகிராம் மருந்து 46 மணி நேரம் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏறும். அதே உயரமும் எடையும் உள்ள எவருக்கும் அதே அளவுதான்.

இந்த வாய்பாட்டை 1916இல் நியூயார்க்கில் உருவாக்கியவர்கள் டெலாஃபீல்டு டுபாய்ஸ், யூஜின் டுபாய்ஸ் ஆகிய இருவர். அதற்காக அவர்கள் அளந்தது ஒன்பது பேரின் உடல்களை மட்டுமே. உடலின் ஆற்றல் செலவைக் கணிக்கவே அவர்களுக்கு மேற்பரப்பளவு தேவைப்பட்டது. புற்றுநோய் மருந்து அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. புற்றுநோய் மருந்தின் அளவுக்கு மேற்பரப்பளவைப் பயன்படுத்தலாம் என்று டொனால்டு பிங்கெல் எழுதியது 1958இல். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. உடலுக்குள் செல்லும் 5-ஃப்ளூரோயுராசிலில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது டி.பி.டி. எனப்படும் நொதி. இது பெரிதும் கல்லீரலில் செயல்படுகிறது. இந்நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். உயரத்துக்கும் எடைக்கும் அதனுடன் பெரிய தொடர்பு கிடையாது. எனவே ஒரே அளவு மருந்து பெற்ற இருவரின் ரத்தத்தில் மருந்தின் செறிவு பல மடங்கு வேறுபடலாம். நொதி விரைந்து செயல்படுபவருக்கு மருந்து போதாமல் போகும்; நோய் வளரும். நொதி மந்தமாக உள்ளவருக்கு அதே மருந்து நஞ்சாகும். குடலின் உட்படலம் உரியும், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், தொற்று பரவும்.

நோய் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு இவ்விரு தவறுகளுமே கொடியவை. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையின் நோக்கம் முழுக் குணம் அன்று. கிடைக்கும் காலத்தை நீட்டிப்பதும், அக்காலத்தை வலியின்றி வாழச் செய்வதுமே. மருந்தே அக்காலத்தைப் பறித்துவிட்டால் சிகிச்சைக்குப் பொருளில்லை.

அளவைத் தனிநபருக்கு ஏற்பத் தீர்மானிக்கும் மூன்று வழிகள்

முதலாவது, மரபணுச் சோதனை. டி.பி.டி. நொதிக்கான மரபணுவில் உள்ள சில மாறுபாடுகள் நொதியை மந்தமாக்குகின்றன. மருந்து தொடங்குமுன் ஒருமுறை ரத்தம் எடுத்துச் சோதித்தால் போதும். விடை வாழ்நாளுக்கும் மாறாது. மாறுபாடு ஒற்றைப் பிரதியாக இருந்தால் பாதி அளவில் தொடங்கி, உடல் தாங்குவதைப் பார்த்து உயர்த்தலாம். நொதி அறவே இல்லையென்றால் இம்மருந்தையே தவிர்க்க வேண்டும். நெதர்லாந்தின் 17 மருத்துவமனைகளில் 1,103 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 85 பேரிடம் இத்தகைய மாறுபாடுகள் இருந்தன. மிகவும் ஆபத்தான மாறுபாட்டைச் சுமந்தவர்களுக்கு முழு அளவு மருந்து கொடுத்தால் கடும் நச்சுவிளைவுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அளவைக் குறைத்துக் கொடுத்தபோது அது 1.3 மடங்காகத் தணிந்தது.

இரண்டாவது, யுராசில் சோதனை. டி.பி.டி. நொதி நம் உடலில் இயல்பாக உள்ள யுராசில் என்னும் பொருளையும் சிதைக்கிறது. ரத்தத்தில் யுராசில் மிகுந்திருந்தால் நொதி மந்தம் என்று பொருள். ஒரு மில்லி லிட்டருக்கு 16 நானோகிராமைத் தாண்டினால் நொதிக் குறைபாடு என்றும், 150ஐத் தாண்டினால் நொதி ஏறக்குறைய இல்லையென்றும் பிரான்சில் கொள்கிறார்கள். இச்சோதனை மரபணுவைப் பார்ப்பதில்லை. நொதி வேலை செய்கிறதா என்பதையே பார்க்கிறது. ஆனால் எடுத்த ரத்தத்தை விரைவாகப் பிரித்து உறையவைக்க வேண்டும். தாமதித்தால் முடிவு பிழையாகும்.

மூன்றாவது, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் அதன் செறிவை அளந்து, அடுத்த சுற்றின் அளவைக் கூட்டுவது அல்லது குறைப்பது. பிரான்சில் பரவிய குடல் புற்றுநோய் கொண்ட 208 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மேற்பரப்பளவின்படி மருந்து பெற்றவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கே கட்டி சுருங்கியது. செறிவை அளந்து அளவைத் திருத்தியவர்களில் 33.7 விழுக்காட்டினருக்குச் சுருங்கியது. கடும் பக்கவிளைவுகளும் குறைந்தன. சராசரி ஆயுள் 16 மாதங்களிலிருந்து 22 மாதங்களாக உயர்ந்தாலும், இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்று உறுதியாகச் சொல்லப் புள்ளியியல் இடம் தரவில்லை. இதனாலும் இதுபோன்ற பிற ஐயங்களாலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் இத்தகைய ஒரு சோதனையை வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்காமல், மேலும் ஆய்வு வேண்டும் என்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இச்சோதனைகள் எல்லா ஆபத்தையும் நீக்கிவிடா. மேற்சொன்ன நெதர்லாந்து ஆய்வில், மாறுபாடு ஏதும் இல்லாதவர்களிலும் 23 விழுக்காட்டினர் கடும் நச்சுவிளைவுக்கு ஆளானார்கள். சோதனை ஒரு பாதுகாப்பு வளையம். முழுக் கவசம் அன்று. ஆனால் வளையம் முழுமையில்லை என்பதற்காக அதைச் சிலருக்கு மட்டும் கொடுப்பது நியாயமாகாது.

எந்த நாடு என்ன செய்தது

பிரான்சில் 2019 முதல் யுராசில் சோதனை கட்டாயம். சோதனை முடிவைக் கருத்தில் கொண்டதாக மருத்துவர் மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமை 2020 ஏப்ரலில், மருந்து தொடங்குமுன் டி.பி.டி. குறைபாட்டுக்கான சோதனையைப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 9 விழுக்காட்டினர் வரை இந்நொதி குறைந்தும், 0.5 விழுக்காட்டினர் வரை அறவே இல்லாமலும் இருக்கலாம் என்று அது சுட்டியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை அதே ஆண்டின் இறுதியில் மரபணுச் சோதனையை நோயாளிக்குக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. அளவு மிஞ்சியவருக்கும் திடீர் நச்சுவிளைவு கண்டவருக்கும் கொடுக்க யூரிடின் ட்ரைஅசிடேட் என்ற முறிவு மருந்தும் உண்டு. அமெரிக்கா 2015 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. கடைசி மருந்தளவு முடிந்து 96 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கியாக வேண்டும்.

இந்தியாவில் 5-ஃப்ளூரோயுராசிலும் கேப்சைட்டபினும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. மலிவாகவும் கிடைக்கின்றன. மருந்து ஏழையின் வீட்டுவாசல் வரை வந்துவிட்டது. அந்த மருந்தைப் பாதுகாப்பாக விழுங்கலாமா என்று சொல்லும் சோதனை மட்டும் வரவில்லை. அது பெரும்பாலும் பணம் கட்டுவோருக்கான தனியார் ஆய்வகங்களிலேயே கிடைக்கிறது.

சோதனையும் யாரை மனத்தில் வைத்து உருவானது?

இங்கிலாந்தில் இத்திட்டம் தொடங்கியபோது தேடப்பட்ட மாறுபாடுகள் நான்கு. அவை பெரிதும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும், நொதியைக் குறைக்கும் இன்னொரு மாறுபாடு அந்நான்கில் இல்லை. எனவே ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு "மாறுபாடு இல்லை" என்று முடிவு வந்தால், தேடியவற்றில் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். ஆபத்தே இல்லை என்பதன்று. அந்நான்கில் சில, ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் மிகக் குறைவாகவே காணப்படுகின்றன. நமக்கே உரிய மாறுபாடுகள் எவை என்று நம் மக்களிடம் தேடினால்தான் தெரியும்.

நம் நாட்டில் இக்கேள்விக்குச் சாதியுடன் நேரடித் தொடர்பு உண்டு. டுபாய்ஸ் இருவரும் தம் வாய்பாட்டை வெளியிட்ட அதே 1916இல், அதே நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த அம்பேத்கர் இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் ஆய்வுரையை வாசித்தார். அகமணமே சாதியின் சாரம் என்பது அவர் நிறுவிய கருத்து. ஒரு நூற்றாண்டு கழித்து மரபணுவியல் அந்த அகமணத்தின் தடத்தை ரத்தத்தில் கண்டது. தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரின் வழிவந்து, தமக்குள்ளேயே மணந்து பெருகியதன் வலுவான அடையாளத்தைச் சுமப்பதாகக் காட்டியது. இத்தகைய குழுக்களில் அரிய மரபணு மாறுபாடுகள் பெருக இடமுண்டு. வைசியர் சமூகத்தில் ஒரு நொதிக் குறைபாடு மிகுந்து காணப்படுவதும், அதனால் அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரப்படும் சக்சினைல்கோலின் மருந்து அவர்களில் சிலருக்கு ஆபத்தாவதும் மயக்கவியல் மருத்துவர்கள் நன்கறிந்தவை.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சாதி என்பது உயிரியல் உண்மை அன்று. மனிதர் வகுத்த ஒடுக்குமுறை. அந்த ஒடுக்குமுறை தலைமுறை தலைமுறையாகத் திருமணத்தைக் கட்டுப்படுத்தியதால் சில தடங்கள் உடலில் விழுந்துள்ளன, அவ்வளவே. எனவே நோயாளியின் சாதியைக் கேட்டு மருந்தளவை முடிவு செய்யும் நிலை ஒருபோதும் வந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடம். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்கும் வாய்பாட்டில் கறுப்பினத்தவருக்கெனத் தனியே ஒரு பெருக்கெண்ணைச் சேர்த்திருந்தார்கள். அது அவர்களின் சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இயங்குவதாகக் காட்டியது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2021இல்தான் அப்பெருக்கெண்ணைக் கைவிடுமாறு பரிந்துரைக்கப்பட்டது. குழுவின் பெயரை வைத்து தனிமனிதரின் உடலை ஊகிப்பதன் விளைவு இது. தீர்வு, ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே சோதிப்பதுதான். இந்தக் கோணத்தில், வம்சாவளி எதுவாயினும் நொதியின் செயலையே அளக்கும் யுராசில் சோதனை நம் நாட்டுக்கு முதன்மையான கவனத்துக்குரியது.

சட்டம் ஏன் கைகொடுக்கவில்லை

அந்தப் பெண்ணின் தந்தைக்காக வழக்கு தொடுக்க முடியுமா என்று ஆராய்ந்தேன். முதல் தடை, மருத்துவக் கவனக்குறைவுக்கான அளவுகோல். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியபடி, அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் ஏற்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றினாரா என்பதே கேள்வி. எவரும் சோதிப்பதில்லை என்றால், சோதிக்காமல் விட்டது கவனக்குறைவு ஆகாது. வசதி இல்லாமையே நடைமுறையாகி, அந்நடைமுறையே சட்டத்தின் அளவுகோலாகிவிடுகிறது.

இரண்டாவது, ஒப்புதல். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஆனால் மிக அரிதான ஆபத்துகளை விளக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. டி.பி.டி. குறைபாடு "அரிதானது" என்று வாதிட இது இடம் தருகிறது. நம் மக்களிடம் அது எவ்வளவு அரிது என்பதைக் கணக்கெடுக்காதவர்கள் அந்த வாதத்தை வைக்கலாமா என்பதே நம் எதிர்வாதமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வழக்காடும் இடம். வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் வந்த தீர்ப்பின்படி, அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. பணம் கட்டுபவருக்கு நுகர்வோர் ஆணையம் திறந்திருக்கிறது. இலவச மருத்துவமனையை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அக்கதவு மூடியிருக்கிறது.

அப்படியானால் எஞ்சியிருப்பது அரசமைப்பின் 21ஆம் கூறும் உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணை அதிகாரமும். ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பியனுப்பிய நிகழ்விலிருந்து எழுந்தது பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கு. மக்களுக்குப் போதிய மருத்துவ வசதி அளிப்பது அரசின் கடமை, நிதியில்லை என்று சொல்லி அதிலிருந்து விலக முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்தை வழங்கும் அரசு, அம்மருந்தால் சாகாமலிருக்கத் தேவையான சோதனையையும் வழங்க வேண்டும் என்று கேட்க இத்தீர்ப்பே நமக்கு அடித்தளம்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைத் தொகுப்புகளிலும் டி.பி.டி. சோதனை சேர்க்கப்பட வேண்டும். சோதனை எழுதப்பட்ட விதியாகிவிட்டால், அதைச் செய்யாமல் விடுவது கவனக்குறைவு என்று சட்டமும் ஏற்கும்.

இரண்டு, பழங்குடியினர், பட்டியல் சமூகத்தினர் உள்ளிட்ட எல்லாத் தரப்பினரும் தம் ஒப்புதலுடனும், தரவின் மீது உரிமையுடனும் மருந்து–மரபணு ஆய்வுகளில் இடம்பெற வேண்டும். சோதனைப் பொருளாக மட்டும் நம்மைப் பயன்படுத்திவிட்டுப் பலனை வேறெவருக்கோ கொடுக்கும் ஆய்வு நமக்கு வேண்டாம்.

மூன்று, வீட்டில் மாத்திரை உட்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை அறிகுறிகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். இரவிலும் அழைக்க ஓர் எண் வேண்டும். முதல் சுற்றிலேயே கடும் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், காய்ச்சல் கண்டால் அடுத்த மாத்திரையை விழுங்குமுன் மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது ஒரு வரியில் சொல்லக்கூடிய செய்தி. அந்த ஒரு வரி அந்தத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லப்படவில்லை.

நான்கு, தோழர்கள் உடனே செய்யக்கூடியவை. சிகிச்சை தொடங்குமுன் "டி.பி.டி. சோதனை செய்ய முடியுமா? இல்லையெனில் குறைந்த அளவில் தொடங்க முடியுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எழுத்து மூலம் கேளுங்கள். மருந்தால் தீங்கு நேர்ந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியோ உறவினரோ தாமே தெரிவிக்கலாம். பதிவாகாத சாவு எந்தக் கொள்கையையும் மாற்றாது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. சேமித்த ரத்தம் எதுவும் இல்லாததால் இனி எவராலும் விடை சொல்ல இயலாது. அவர் தந்தையின் மரணச் சான்றிதழில் காரணம் "புற்றுநோய்" என்றிருக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். அதே மாத்திரை அட்டையுடன் நாளை வீடு திரும்பப்போகும் இன்னொருவரின் மகள் அக்கேள்வியைக் கேட்க நேரும்போது, குறைந்தது ஒரு சோதனைத் தாளாவது கோப்பில் இருக்க வேண்டும்.